கை காட்டாத கிண்ணம்

கமிஷன் மறுபடியும் தப்பான கிண்ணத்துக்குத்தான் போனது.

கமிஷன் என்பது நாயின் பெயர். செம்பட்டை நிறம், ஒரு காது மட்டும் மடிந்து தொங்கும். கம்பைநல்லூர் சந்தையில் எந்தக் கறிக்கடையில் வியாபாரம் நடந்தாலும் அதில் அதற்கு ஒரு பங்கு போய்ச் சேர்ந்துவிடும். உழைக்காமல் இரண்டு பக்கமும் வாங்கித் தின்கிற ஜீவனுக்கு சந்தைக்காரர்கள் வேறென்ன பெயர் வைப்பார்கள்?

அன்று சந்தை கூடாத நாள். ஆளில்லாத சிமெண்டுக் கொட்டகைக்குள் இரண்டு பிளாஸ்டிக் கிண்ணங்கள் கவிழ்ந்திருந்தன. இரண்டுக்கும் நடுவில் நின்ற சுகுணா வலது கையை நீட்டி, வலப்பக்கத்துக் கிண்ணத்தைச் சுட்டுவிரலால் காட்டிக்கொண்டிருந்தாள். அதற்கு அடியில் வேகவைத்த கோழித்துண்டு ஒன்று இருந்தது. எதிரே நின்ற கமிஷன் அவளை ஏற இறங்கப் பார்த்தது. தலையைச் சாய்த்தது. பிறகு, சரக்கு பிடிக்காமல் அடுத்த கடைக்கு நகர்கிற ஆள் மாதிரி நிதானமாக நடந்துபோய், இடப்பக்கத்துக் கிண்ணத்தை மூக்கால் தள்ளியது. அடியில் வெறும் தரை.

"போச்சு" என்றாள் கேமராவுக்குப் பின்னால் நின்ற சந்தியா. "அதுக்கு உன்னைக் கண்டாலே ஆவாதுடி."

"நாய்க்கு ஆவறது ஆவாதது எல்லாம் ஏது? தப்புன்னு போட்டுக்க."

"போட்டுப் போட்டு கை தானாவே தப்புன்னு போவுது. நாளைக்கு என் கல்யாணப் பத்திரிகைல மாப்பிள்ளை பேருக்குப் பக்கத்துலயும் தப்புன்னு எழுதிருவேன் போல."

சந்தியா சித்தேரி மலைக்காரி. சுகுணாவுக்கு உள்ளூர். இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே பேராசிரியரின் கீழ் ஆராய்ச்சி மாணவிகள். சந்தியாவின் ஆராய்ச்சி குரங்குகளைப் பற்றியது. தோழிக்காக நாய் பிடிக்க வந்திருந்தாள். சுகுணாவின் கேள்வி எளிமையானது: யாரும் வளர்க்காத, யாரும் பழக்காத தெருநாய்க்கு, மனிதன் கை காட்டினால் அது எதைக் காட்டுகிறது என்று புரியுமா?

மூக்கு இருக்கும்போது கை எதற்கு என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். அதனால்தான் இரண்டு கிண்ணத்திலும் உள்ளுக்குள் கோழிச்சாறு தடவியிருந்தது. யாரும் கை காட்டாமல் சும்மா விட்டுப் பார்த்தால், நாய்கள் பாதிக்குப் பாதிதான் சரியாகப் போயின. அதாவது வாசனையை வைத்து அவற்றால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் சுகுணா கை காட்ட ஆரம்பித்ததும் பத்துக்கு எட்டு தப்பு. ஒரு நாய் இரண்டு நாய் அல்ல, சந்தையில் திரியும் அத்தனையும்.

சுகுணாவைக் குடைந்தது அதுதான். புரியவில்லை என்றால் பாதிக்குப் பாதி வர வேண்டும். எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்கிறது என்றால் அது குருட்டாம்போக்கு அல்ல, தராசில் எங்கோ கோளாறு. வியாபாரி வீட்டில் பிறந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா? கோளாறு எந்தத் தட்டில் என்பதுதான் தெரியவில்லை.

தெரிந்துகொள்ள அவகாசமும் இல்லை. வியாழக்கிழமை பேராசிரியர் அமுதவல்லி நேரில் வருகிறார். ஃபோனில் அவர் சுற்றி வளைக்கவில்லை. "சுகுணா, அந்த ஊர் நாய்ங்க உன் கேள்விக்கு ஒத்து வரலைன்னா நான் பிடிச்சுவச்சுக்கிட்டு இருக்க முடியாது. பெங்களூர்ல வீட்டு நாய்ங்களை வச்சு செய்யறதுக்கு வேற மாணவர் தயாரா இருக்காரு. ப்ராஜெக்ட் அங்க போயிடும். நீ புதுத் தலைப்பு பாத்துக்கணும்." புதுத் தலைப்பு என்றால் மறுபடியும் முதலிலிருந்து. அதைவிட, சந்தை நாய்க்கும் புத்தி உண்டு, அதையும் ஒரு ஆராய்ச்சியாக எடுத்துப் பார்க்கலாம் என்று பல்கலைக்கழகக் குழுவுக்கு முன்னால் நின்று வாதாடி வாங்கிய ஊர் இது. இந்த ஊர் கைவிட்டுப் போனால், குளிர்சாதன அறையில் மெத்தையில் படுக்கிற நாய்தான் நாய் என்று ஆகிவிடும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அப்பா மாதவராஜ் துண்டை உதறி மடித்துக்கொண்டிருந்தார். அந்தத் துண்டுதான் அவருடைய ஆபீஸ். மாதவராஜ் மாட்டுத் தரகர். வாங்குகிறவன் கையையும் விற்கிறவன் கையையும் துண்டுக்கு அடியில் கோத்து, விரலைப் பிடித்து அழுத்தியே விலை பேசுகிற தொழில். வாய் மழையைப் பற்றிப் பேசும், மரவள்ளிக்கு என்ன விலை போகிறது என்று கேட்கும். பேரம் முழுக்கத் துண்டுக்கு அடியில் நடக்கும். சுற்றி நிற்கிற நூறு பேருக்கு ஒன்றும் தெரியாது.

"என்ன பாப்பா, நாயிங்க இன்னிக்காவது பாஸா?"

"ஃபெயில்ப்பா. நான் காட்டற கிண்ணத்தை வுட்டுட்டு அடுத்ததுக்கே போவுதுங்க."

மாதவராஜ் சிரித்தார். "பின்ன? சந்தைல வளந்த நாயிங்க பாப்பா அது. பொறந்ததுலேருந்து எத்தன கையப் பாத்திருக்கும்! நாங்க ஒரு மாட்டக் காட்டி நல்லா இருக்குதுன்னு சொல்லுவோம், வாங்கறது பக்கத்து மாட்ட. கை காட்டற எடத்துல சரக்கு இருக்காதுன்னு அதுக்குத் தெரியாதா? பட்டணத்து நாயின்னா நம்பும். நம்மூரு நாயி எவன் காட்னாலும் நம்பாது."

கேட்ட மாத்திரத்தில் சுகுணாவுக்கு உடம்பு சிலிர்த்தது. எவ்வளவு அழகான விளக்கம்! நாய்கள் தப்புச் செய்யவில்லை. மனிதக் கை பொய் சொல்லும் என்று சந்தையில் பாடம் படித்திருக்கின்றன. உலகத்தில் எந்த நாயைப் பற்றியும் இப்படி யாரும் சொன்னதில்லை.

யோசிக்காமல் ஃபோனை எடுத்துப் பேராசிரியருக்கு அடித்தாள். பத்து நிமிடம் மூச்சு விடாமல் பேசினாள். மாட்டின் பல்லையும் நடையையும் புகழ்ந்து, கெட்ட சுழியை மட்டும் சொல்லாமல் விடுகிற தரகரின் மகள் அல்லவா. பேச்சில் ஒரு குறையும் இல்லை.

"நல்ல கதையா இருக்கு" என்றார் அமுதவல்லி. "நேர்ல பாக்கறேன்."

வியாழக்கிழமை காலை அவர் வந்து இறங்கியபோது கொட்டகையில் சின்னக் கூட்டமே கூடியிருந்தது. மாதவராஜ் வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார். டீக்கடை ராஜாமணி கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்து நின்றார். அமுதவல்லிக்கு ஐம்பதுக்குக் கிட்டே வயது இருக்கும். கைத்தறிப் புடவை, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. வந்ததும் யாரிடமும் குசலம் விசாரிக்கவில்லை. "ஆரம்பி" என்றார்.

சுகுணா ஆரம்பித்தாள். கமிஷன் வந்தது, அவள் வலப்பக்கம் காட்டினாள், அது இடப்பக்கம் போனது. கிண்ணங்களை இடம் மாற்றி வைத்து அடுத்த நாயை விட்டார்கள். அதுவும் காட்டாத பக்கமே போனது. மாதவராஜ் சுற்றி நின்றவர்களைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார். "சொன்னேன்ல? இதுங்ககிட்ட நம்ம பாச்சா பலிக்காது."

"நான் ஒரு தடவை காட்டறேன்" என்றார் அமுதவல்லி.

அவர் நடுவில் போய் நின்று இடப்பக்கம் காட்டினார். கமிஷன் நேராக இடப்பக்கத்துக் கிண்ணத்துக்குப் போய், தள்ளி, கோழித்துண்டை விழுங்கிவிட்டு உதட்டை நக்கியது. மறுபடி வைத்தார்கள். மறுபடியும் சரி. இன்னொரு நாய், அதுவும் சரி. சந்தியாவை நிற்கச் சொன்னார். சந்தியா காட்டினாள். சரி.

ராஜாமணி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அப்ப நாயிங்கெல்லாம் பாஸ் ஆயிருச்சு. ஃபெயில் ஆனது யாருங்க?"

சுகுணாவுக்குக் காது இரண்டும் சூடானது. முந்தாநாள் ஃபோனில் விற்ற மாடு நடுச்சந்தையில் காலை மடக்கிப் படுத்துவிட்டது. மனிதக் கையை நம்பாத நாய்கள் என்றாளே, நம்புகின்றன. அவள் கையைத் தவிர எல்லார் கையையும் நம்புகின்றன.

அமுதவல்லி நடந்துபோய், நாய்களை நிறுத்துகிற கோட்டுக்குப் பக்கத்தில் புடவையைச் செருகிக்கொண்டு குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார்.

"அய்யய்யோ, அங்க சாணி கெடக்குதுங்கம்மா" என்று பதறினார் மாதவராஜ். "எந்திரிங்க, சேர் கொண்டாரச் சொல்றேன்."

"சேர்ல உக்காந்தா எனக்கு வேணுங்கறது தெரியாதுங்க. நாய் எங்க நின்னு பாக்குதோ அங்கேருந்து பாக்கணும்." இரண்டு கையையும் முன்னால் ஊன்றித் தலையை இன்னும் தாழ்த்தினார். "சுகுணா, வழக்கமா காட்டற மாதிரி காட்டு."

பல்கலைக்கழகப் பேராசிரியர் நாய் நிற்கிற இடத்தில் நாலு காலில் இருப்பதைப் பார்த்து ராஜாமணி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மரியாதையாகத் தோளில் போட்டுக்கொண்டார். சுகுணா கையை நீட்டி வலப்பக்கம் காட்டினாள்.

அமுதவல்லி சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து முட்டியைத் தட்டினார்.

"நான் நாயா இருந்தா உன் எடது பக்கம்தான் போவேன்."

"ஏன் மேடம்?"

"கை மட்டும்தான் வலப்பக்கம் நிக்குது. உன் மூஞ்சி, நெஞ்சு, கால் பாதம் எல்லாம் எடது பக்கம் திரும்பி நிக்குது. கண்ணு அந்தக் காலிக் கிண்ணத்தை விட்டு நகரவே இல்லை. இவ்வளவு பெரிய உடம்பு ஒரு பக்கம் சொல்லுது, இத்தனூண்டு விரல் ஒரு பக்கம் சொல்லுது. நீ எதை நம்புவ?"

சுகுணா நம்பவில்லை. சந்தியா கேமராவை நாயின் உயரத்துக்கு இறக்கி எடுத்துக் காட்டினாள். இத்தனை மாதமாக நாய் சரியாகத் தெரிய வேண்டும் என்று எடுத்த படங்களில் சுகுணா கழுத்துக்குக் கீழேதான் இருந்தாள். முகம் விழுந்த முதல் படம் இதுதான். அதில் ஒரு பெண் ஒரு கிண்ணத்தைக் காட்டிவிட்டு, அதைத் தனக்குச் சம்பந்தமே இல்லாத பொருளைப் போல ஒதுக்கிவிட்டு, எதிர்ப்பக்கத்துக் கிண்ணத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எட்டிப் பார்த்த மாதவராஜின் முகம் மலர்ந்துவிட்டது. "ராஜாமணி, இங்க வந்து பாரு! கண்ணு எங்க கெடக்குது பாத்தியா? எம்புள்ள! வேணுங்கற சரக்க ஒரு சொட்டுப் பாக்கலையே! நான் முப்பது வருசமா தொழில் பண்றேன், எனக்கே இத்தன சுத்தமா வராது."

"அப்பா, சும்மா இருங்க" என்றாள் சுகுணா.

ஏழு வயதில் அப்பாவோடு சந்தைக்குப் போனபோது, ஒரு வெள்ளைக் கன்றுக்குட்டியை ஆசையாகப் பார்த்துவிட்டாள். விற்கிறவன் அதைக் கவனித்து விலையை ஏற்றிவிட்டான். கன்று கை மாறவில்லை. வீட்டுக்குப் போகிற வழி முழுக்க அப்பா அவளைத் திட்டவில்லை, விளக்கினார். வேணுங்கறதப் பாக்காத பாப்பா. பக்கத்துல இருக்கறதப் பாரு. அதற்குப் பிறகு புடவைக் கடையில், பழக்கடையில், பல்கலைக்கழக நேர்காணலில்கூட அவள் வேண்டியதைப் பார்த்ததில்லை. நாய் போய்ச் சேர வேண்டும் என்று அவள் மனசார விரும்பியது கோழி இருந்த கிண்ணத்துக்குத்தான். விரும்பியதாலேயே கண் அடுத்ததுக்குப் போயிருக்கிறது.

"இதுவரைக்கும் சேத்த கணக்கெல்லாம் வீண்தான்" என்றார் அமுதவல்லி. குரலில் கோபமில்லை. அதுதான் கொடுமையாக இருந்தது. "எல்லாத்துலயும் கை காட்டினது நீ. விரலைப் பாத்துப் போச்சா, மூஞ்சியைப் பாத்துப் போச்சான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

சுகுணா சிமெண்டு மேடையில் உட்கார்ந்துவிட்டாள். கமிஷன் வந்து அவள் செருப்பை முகர்ந்தது. பெங்களூர், மெத்தை, புதுத் தலைப்பு என்று மனசுக்குள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அப்புறம் திடீரென்று நிமிர்ந்தாள்.

"மேடம், யாராலயும் சொல்ல முடியாதுன்னா அதுதானே கேள்வி?"

"எது?"

"விரலா, மூஞ்சியான்னு. இது ரெண்டும் வேற வேற பக்கம் சொன்னா நாய் எதை நம்பும்? இந்தச் சந்தைல இருக்கற நாய்ங்க எதை நம்பும், சந்தையே இல்லாத ஊர் நாய்ங்க எதை நம்பும்? நாம யாருமே இதைக் கேக்கல மேடம்."

அமுதவல்லி நடுவில் போய் நின்று, இடப்பக்கம் கையைக் காட்டி வலப்பக்கம் பார்க்க முயன்றார். கண் இரண்டும் அவரை மீறிக் கை போன பக்கமே ஓடியது. இன்னொரு தரம் முயன்றபோது கழுத்து திரும்பியது, ஆனால் முகத்தில் ஒரு திருட்டு முழி வந்து உட்கார்ந்துகொண்டது. சந்தியா முயன்று சிரித்துவிட்டாள்.

"எங்களுக்கு வராது. உனக்குத் தானா வருது. ஆனா அது பாதிதான்" என்றார் அமுதவல்லி. "ஒரே ஆள் ரெண்டும் செய்யணும். விரலும் கண்ணும் ஒரே பக்கம் போற மாதிரியும் காட்டணும், வேற வேற பக்கம் போற மாதிரியும் காட்டணும். அப்பதான் ஒப்பிட முடியும். எங்க, காட்டற பக்கமே பாரு."

சுகுணா காட்டினாள். பார்த்தாள். பார்த்ததாக நினைத்தாள்.

"தோள் அந்தப் பக்கம் போயிருச்சு" என்றாள் சந்தியா.

மறுபடி முயன்றாள். "இப்ப தோள் சரி. கண்ணு போயிருச்சு."

அமுதவல்லி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ராத்திரி தர்மபுரில தங்கறேன். காலைல கெளம்பறதுக்கு முன்னாடி இங்க வர்றேன். இதுவரைக்கும் உன்னைப் பாக்காத ஒரு புது நாயைப் பிடிச்சு வை. அதுக்கிட்ட ரெண்டும் செஞ்சு காட்டு. வந்துச்சுன்னா ஆராய்ச்சி இங்கயே இருக்கும். வரலைன்னா நான் குழுவுக்கு என்ன சொல்லணுமோ அதைச் சொல்லிருவேன்."

அன்று வீட்டில் கெண்டை மீன் வறுவல். அம்மா நஞ்சம்மாள் தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். சுகுணா நடுத்துண்டை உற்றுப் பார்த்தாள். கண் வால் துண்டுக்கு நழுவியது. இழுத்துப் பிடித்து மறுபடி நடுத்துண்டுக்குக் கொண்டுவந்தாள். மறுபடி நழுவியது.

"என்னாடி மீன மொறைக்கற? செத்துப்போச்சு அது" என்றாள் நஞ்சம்மாள்.

"வேணுங்கறதப் பாத்துப் பழகறேம்மா."

மாதவராஜ் கையில் எடுத்த சோற்றைத் தட்டில் போட்டுவிட்டார். "இப்பிடி வெறிச்சுப் பாத்தா மீனே வெல ஏத்திக்கும். என்னா படிப்பு பாப்பா இது? கைல இருக்கற வித்தய அழிச்சுட்டு வரச் சொல்ற படிப்பு?"

"ஆமா, பெரிய வித்த" என்றாள் நஞ்சம்மாள். "என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப நீங்க எங்க தங்கச்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க. எங்க வூட்ல அவளுக்குத்தான் பேச வந்திருக்காங்கன்னு ரெண்டாம்நாள் வரைக்கும் நெனைச்சாங்க."

"உன்னையப் புடிச்சதாலதான் அவளப் பாத்தேன்."

"அத அப்பவே சொல்லியிருந்தா எங்கப்பன் வேண்டான்னா சொல்லியிருப்பாரு?"

சாப்பிட்டு முடித்ததும் மாதவராஜ் மனசு கேட்காமல் இரண்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "சரி, நான்தான் நாயின்னு வச்சுக்க. காட்டு." அவரைவிட மோசமான நாய் கிடைத்திருக்க முடியாது. முகத்தைப் படித்தே சோறு தின்கிற மனிதர். அவள் எவ்வளவு முயன்றாலும் "இல்ல, புருவம் அந்தப் பக்கம்", "இல்ல, மூச்சு அந்தப் பக்கம்" என்று பிடித்துவிட்டார். படுக்கப் போகிறவரைக்கும் வரவில்லை.

காலையில் சந்தியா ஒரு கறுப்பு நாயைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மொரப்பூர் ரோட்டில் திரிவது, சந்தைப் பக்கம் வந்ததில்லை. முந்தாநாளும் சாப்பிட்டிருக்காது போலிருந்தது. அமுதவல்லியின் கார் இன்னும் வரவில்லை. ராஜாமணி கொட்டகை ஓரத்தில் நின்று பன்னைத் தின்றுகொண்டிருந்தார்.

கறுப்பு நாய் அவருக்கு எதிரே போய் உட்கார்ந்தது. பன்னைப் பார்த்தது. ராஜாமணியைப் பார்த்தது. மறுபடி பன்னைப் பார்த்தது. ராஜாமணி திரும்பி நின்றார். அதுவும் சுற்றிப்போய் எதிரே உட்கார்ந்தது. ஒளிவு மறைவு கிடையாது. எனக்கு வேணுங்கறது இதுதான், உன் கையில இருக்கறது இதுதான் என்று முகம் முழுக்க எழுதி ஒட்டியிருந்தது.

"ச்சூ, போ" என்றார் ராஜாமணி. அது போகவில்லை. "இதென்ன பாப்பா, மானங்கெட்ட நாயா இருக்குது?" என்று அலுத்துக்கொண்டே பாதிப் பன்னைப் பிய்த்துப் போட்டார்.

சுகுணா பார்த்துக்கொண்டே நின்றாள். பன்னுக்கு விலை ஏறவில்லை. நாய் ஆசையைக் காட்டியதால் ராஜாமணி பன்னை ஒளித்து வைக்கவும் இல்லை. அவள் இதுவரை கிண்ணத்துக்கு நடுவில் நின்றபோதெல்லாம் எதிரில் ஒரு வியாபாரி நிற்பதாகவே அவள் உடம்பு நினைத்திருக்கிறது. எதிரில் நிற்பது நாய். அவள் முகத்தில் தெரிகிறதை வைத்து அது அவளை ஏமாற்றப் போவதில்லை. அதற்குத் தெரிய வேண்டியது சாப்பாடு எங்கே என்பது மட்டும். அவளுக்கு வேண்டியதும் அதற்கு அது தெரிய வேண்டும் என்பதுதான். இதில் பேரம் எங்கே வந்தது?

அமுதவல்லி வந்தார். என்ஜினை அணைக்காமலேயே காரை நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கியது சுகுணாவுக்கு நல்ல அறிகுறியாகப் படவில்லை. நேராகப் போய் நாய்க்கோட்டுக்குப் பக்கத்தில் குந்தினார். இந்தத் தடவை யாரும் சேர் கொண்டுவரச் சொல்லவில்லை.

கிண்ணங்கள் கவிழ்ந்தன. கோழி இடப்பக்கம். சந்தியா நாயைக் கோட்டில் நிறுத்தினாள். சுகுணா இடக்கையை நீட்டினாள். கண் வலப்பக்கம் ஓடப் பார்த்தது. கழுத்து நரம்பில் அந்த இழுப்பு நன்றாகத் தெரிந்தது. கறுப்பு நாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. இங்க இருக்குது, இதப் போய் எடுத்துக்க என்று மனசுக்குள் அதனிடம் சொன்னாள். சொன்னபடியே இடப்பக்கத்துக் கிண்ணத்தைப் பார்த்தாள். வெட்கமாக இருந்தது. கூட்டத்துக்கு நடுவில் முந்தானை நழுவினது மாதிரி இருந்தது. ஆனாலும் பார்த்தாள்.

நாய் நேராக இடப்பக்கம் போய், கிண்ணத்தைத் தள்ளியது.

"இன்னொரு தடவை" என்றார் அமுதவல்லி.

இன்னொரு தடவையும் அதே. பிறகு விரல் ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம். அது அவளுக்குப் பிறவிச் சொத்து. கேட்க வேண்டியதே இல்லை. கறுப்பு நாய் பாதி வழியில் நின்றுவிட்டது. விரலைப் பார்த்தது, முகத்தைப் பார்த்தது, மறுபடி விரலை. வாலை ஆட்டுவதை நிறுத்திவிட்டு யோசித்தது. கடைசியில் முகம் போன பக்கம் போனது.

"பாத்தீங்களா மேடம், நின்னுச்சு!" என்றாள் சந்தியா. "இதுவரைக்கும் ஒரு நாயும் நிக்கல."

"பாத்தேன்." அமுதவல்லி எழுந்து டிரைவரைப் பார்த்துக் கையைச் சுழற்றினார். என்ஜின் அணைந்தது. "இது ஒண்ணை வச்சு எதையும் சொல்ல முடியாது. ஆனா கேள்வி நல்ல கேள்வி. எவ்வளவு நாள் வேணும் உனக்கு?"

மாதவராஜ் மகளுக்குப் பின்னால் வந்து நின்று முதுகில் இரண்டு விரலை வைத்து அழுத்தினார். இரண்டு வருடம் கேள், ஒன்றரைக்கு இறங்கலாம் என்று அர்த்தம். சுகுணா பேராசிரியரை நேராகப் பார்த்தாள்.

"ஒரு வருசம் மேடம். இதே ஊர்ல."

பின்னால் அப்பா முனகுவது கேட்டது.

"சரி" என்றார் அமுதவல்லி. "ஆனா கிண்ணத்துக்குள்ள கோழியை வைக்கறது சந்தியா. எதுல இருக்குன்னு உனக்கே தெரியக்கூடாது. எந்தப் பக்கம் பாக்கணும், எந்தப் பக்கம் காட்டணும்னு ஒவ்வொரு தடவையும் நான் எழுதித் தர்ற வரிசைப்படி. உன் ஆசையை நான் நம்பறதா இல்லை."

"சரிங்க மேடம்."

அவர் டீ குடிக்க ராஜாமணியோடு நடந்ததும் மாதவராஜ் மகளின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "என்ன பாப்பா, கேட்ட ஒடனே குடுத்துட்டாங்க?"

"ஆமாப்பா."

"யோசிக்கவே இல்லையே. மூணு வருசம் கேட்டிருந்தாக்கூடக் குடுத்திருப்பாங்க போல இருக்குதே!" உண்மையிலேயே நெஞ்சு வலிக்கிறவர் போல அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சுகுணா சிரித்துக்கொண்டே கிண்ணங்களைக் கழுவக் குழாயடிக்குப் போனாள். கறுப்பு நாய் கூடவே வந்தது. அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. சந்தைக்காரர்களைக் கேட்டால் ஏதாவது வைத்துவிடுவார்கள்.